டோர் பேட் கழற்றல்: இரண்டு கதவு, இரண்டு ஸ்பீக்கர், ஒரு மழை

இடது கதவு ஸ்பீக்கர் கரகரக்க ஆரம்பித்து ஆறு மாதம் ஆகியிருக்கும். பேச்சு மட்டும் கேட்டால் தெரியாது. தவில் வந்துவிட்டால் போதும், கதவுக்குள் யாரோ காய்ந்த சருகை மிதிப்பது போல ஒரு சத்தம். காரின் ஆடியோ செட்டில் பேலன்ஸை வலப்பக்கம் தள்ளிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வலதும் அதே ராகத்தைப் பாட ஆரம்பித்தது. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய கார். கம்பெனியில் மாட்டிக் கொடுத்த காகித கோன், அதாவது ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு, இத்தனை நாள் தாங்கியதே பெரிது.

வீட்டு ஸ்பீக்கர் பெட்டிகளைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். கார் கதவைப் பிரித்ததில்லை. இரண்டு கதவுக்கும் சேர்த்து அரை நாள் என்று கணக்குப் போட்டேன். இடது கதவு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது. வலது கதவை ஒன்றரை மணி நேரத்தில் முடித்தேன். அந்த ஒன்றரை மணி நேரப் பெருமை எத்தனை நாள் நீடித்தது என்பது பின்னால் வரும்.

முதல் தப்பைக் கதவைத் தொடுவதற்கு முன்பே செய்துவிட்டேன்: அளக்காமல் ஸ்பீக்கரை வாங்கினேன். என் காருக்கு ஆறரை அங்குலம் என்று தெரியும், அது போதும் என்று நினைத்தேன். அகலம் சரிதான். ஆனால் கார் கதவில் ஆழமும் முக்கியம். கண்ணாடியை முழுக்க இறக்கினால் அது ஸ்பீக்கரின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். பழைய ஸ்பீக்கருக்குச் சின்னக் காந்தம். புதியதற்குப் பருத்த காந்தம். கதவின் உள்பக்கப் பலகையான பேடைக் கழற்றி, கண்ணாடியை முழுக்க இறக்கி, தகரத்தின் முகத்திலிருந்து கண்ணாடி வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து குறித்துக்கொண்டு, பேடைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் கடைக்குப் போயிருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் சரியாகப் பார்த்து வாங்கினேன், சென்சிட்டிவிட்டி: கொடுத்த வாட்டுக்கு எவ்வளவு சத்தம் எழுப்பும் என்ற அளவு. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்பாதீர்கள், உங்கள் செட்டின் முகப்பில் எழுதியிருக்கும் 50 வாட் நான்கு சேனல் என்பதையும் சேர்த்துத்தான். இன்ஜின் ஓடும்போது செட்டுக்குக் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். தனி ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) இல்லாத செட் அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கரில் எவ்வளவு முக்கினாலும் கணக்குப்படி சுமார் 26 வாட்டுக்கு மேல் சுத்தமாகக் கொடுக்க முடியாது. நடைமுறையில் 20-ஐ ஒட்டி வந்தால் அதிகம். அந்தக் கொஞ்சத்தை வைத்து அதிகச் சத்தம் எழுப்பும் ஸ்பீக்கர்தான் நமக்கு வேண்டும். 3 டெசிபெல் கூடுதல் சென்சிட்டிவிட்டி என்றால் ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 87 டெசிபெல் போட்டதை வைத்துவிட்டு 91 போட்டதை எடுத்தேன். மேல் ஸ்தாயிக்கான குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டர் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும் கோஆக்ஸியல் வகை. தனி ட்வீட்டர் வைக்கும் காம்பொனென்ட் செட் எடுத்திருந்தால் அதற்கு இடம் தேட வேண்டும். முன் தூணில் பலர் வைக்கிறார்கள். பக்கவாட்டில் திரைபோல் விரியும் கர்ட்டன் ஏர்பேக் இருக்கும் காரில் அந்தத் தூணை நான் நெருங்க மாட்டேன்.

ஞாயிறு காலை. இடது கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். பத்து நிமிடம் சும்மா இருந்தேன். ஏர்பேக் சுற்றில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிய அவகாசம் வேண்டும். சில கார்களில் முன் கதவுக்குள்ளேயே பக்கவாட்டு மோதலை உணரும் சென்சார் இருக்கும். மஞ்சள் கப்ளரோ (வயர்களை இணைக்கும் செருகி) மஞ்சள் உறை போட்ட வயரோ கண்ணில் பட்டால் அதைப் பிடுங்காமல் இருப்பது நல்லது. பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால் திரும்பச் செருகும்வரை சாவியைத் திருப்பக் கூடாது, டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். பேட்டரி கழற்றியதில் இன்னொரு சின்ன வேலையும் சேரும்: ஒரே அழுத்தில் தானாக ஏறும் கண்ணாடி அந்தப் பழக்கத்தை மறந்திருக்கும், முழுக்க ஏற்றி ஸ்விட்சைச் சில விநாடி பிடித்துக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

பேட் என்பது கதவின் உள்பக்கப் பிளாஸ்டிக் பலகை. அது நிற்பது மூன்று வகைப் பிடிப்பில். கண்ணுக்குத் தெரியாத ஸ்க்ரூக்கள் சில. ஓரம் முழுக்க, செதில் செதிலாக இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள். கடைசியாக, மேல் விளிம்பு கண்ணாடி ரப்பரின் மேல் கொக்கிபோல் மாட்டித் தொங்குவது. ஸ்க்ரூவெல்லாம் போன பிறகு கிளிப், கிளிப்பெல்லாம் விட்ட பிறகு மேல்நோக்கித் தூக்கல். இந்த வரிசையை மாற்ற முயன்றால் பிளாஸ்டிக் உடையும்.

எனக்கு உடைந்தது. கைப்பிடிக் குழிக்குள் ரப்பர் மூடியை நெம்பினால் ஒரு ஸ்க்ரூ, லாக் லீவருக்குப் பின்னால் சின்ன மூடிக்குள் ஒன்று, வெளியே பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்கு நேராக உள்ளே இருக்கும் முக்கோண மூடிக்குக் கீழே ஒன்று, அடி விளிம்பில் இரண்டு. ஐந்தும் எடுத்தாயிற்று என்று இழுத்தேன். கீழ் வரிசைக் கிளிப்புகள் டப் டப்பென்று விட்டன. நடுவில் மட்டும் அசையவில்லை. கிளிப்தான் முரண்டு பிடிக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் இழுத்தேன். மெல்லிய கீறல் சத்தம். ஆர்ம்ரெஸ்ட் பள்ளத்தின் அடியில், நாணயம் போடும் இடத்தில் விரித்திருந்த ரப்பர் பாய்க்குக் கீழே ஆறாவது ஸ்க்ரூ இருந்திருக்கிறது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கில் ஒரு விரற்கடை நீளத்துக்கு விரிசல். வெளியே தெரியாது, பின்னாலிருந்து எபாக்ஸி போட்டுவிட்டேன். ஆனால் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கிளிப்புக்கும் ஸ்க்ரூவுக்கும் கையிலேயே வித்தியாசம் தெரியும், அப்போது எனக்குத் தெரியவில்லை. கிளிப் இழுக்க இழுக்கக் கொஞ்சம் கொடுக்கும், பிறகு சட்டென்று விடும். ஸ்க்ரூ கொடுக்காது, சுற்றியிருக்கும் பலகைதான் வளையும். பலகை வளைகிறது என்றால் கையை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். நெம்புவதற்கு பிளாஸ்டிக் பட்டைதான் வேண்டும். ஃபிளாட் ஸ்க்ரூடிரைவர் பெயின்ட்டைத் தின்றுவிடும், அதுவும் கிளிப்புக்கு நேராக வைக்காமல் இரண்டு கிளிப்புக்கு நடுவில் வைத்து நெம்பினால் பலகைதான் பிளக்கும். கதவு விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு ஆரம்பித்தேன், அது பிழைத்தது.

கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கும் கதவு என்றால் அந்தச் சுற்றுக் கைப்பிடிக்குப் பின்னால் குதிரை லாடம் போல ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் ஒரு துணியை நுழைத்து இரு கையாலும் ரம்பம் இழுப்பதுபோல் இழுத்தால் கம்பி துள்ளி வெளியே வரும். துள்ளி எங்கே போய் விழுகிறது என்று பார்க்க இன்னொரு ஜோடிக் கண் தேவை. தம்பியை அதற்காகவே நிறுத்தினேன், என் பின் கதவில் அந்த வகைதான். "இங்கதாண்ணா விழுந்துச்சு" என்று அவன் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது மூன்றாவது முயற்சியில்.

பேட் தூக்கியதும் கையோடு வந்துவிடாது. லாக் லீவரிலிருந்து ஒரு கேபிள், பவர் விண்டோ ஸ்விட்சிலிருந்து ஒரு கப்ளர், இரண்டும் இழுத்துப் பிடிக்கும். கேபிளின் நுனியில் இருக்கும் சின்ன உருண்டையை அதன் காடியிலிருந்து பக்கவாட்டில் சாய்த்து எடுக்க வேண்டும். கப்ளரில் ஒரு நாக்கு, அதை அழுத்திக்கொண்டு கப்ளரைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரை அல்ல. இதற்குள் பேடை ஒரு கையில் தாங்குவது சிரமம். முழங்காலில் நிறுத்திக்கொண்டேன்.

உள்ளே கதவை மூடி ஒரு பிளாஸ்டிக் தாள், ஓரத்தில் கறுப்புப் பிசின். பழைய ஸ்பீக்கரை எடுக்க அவசரமாக இருந்ததால் இதை முதலில் நான் மதிக்கவே இல்லை. கண்ணாடியில் வழியும் மழைநீர் வெளி ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் இறங்குவது பழுதல்ல. கதவைச் செய்யும்போதே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். இறங்கும் தண்ணீர் தகரத்தின் உள்ளே ஓடி அடியிலிருக்கும் வடிகால் துளைகள் வழியே வெளியே போகும். அது பேட் பக்கம் வராமல் தடுப்பது இந்தத் தாள் ஒன்றுதான். கிழித்து எடுக்காமல் ஹேர் டிரையரால் பிசினை இளக்கி மெல்ல உரிக்க வேண்டும். பிசினில் தூசி படவிடக் கூடாது. இடது கதவில் இதைப் பொறுமையாகச் செய்தேன்.

பழைய ஸ்பீக்கர் ஸ்க்ரூவில் இல்லை, நான்கு ரிவெட். டிரில்லில் ரிவெட்டின் தலையை மட்டும் அரைத்து எடுத்தால் போதும், தகரத்தில் புதுத் துளை போடக் கூடாது. தூள் கொட்டும். அந்தத் தூள்தான் ஆபத்து. இரும்புத் தூள் புதிய ஸ்பீக்கரின் காந்தத்தைத் தேடிப் போய், கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் நுழைந்தால் முதல் நாளிலிருந்தே கரகரப்பு. கதவின் அடியில் தங்கினால் துரு. கழற்றிய பழைய ஸ்பீக்கரை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அதன் காந்தத்தை அடித்தட்டில் தேய்த்து எடுத்தேன். ஸ்பீக்கரைப் பையிலிருந்து எடுத்துவிட்டுப் பையை உதறினால் தூள் உதிர்ந்துவிடும். அலுமினிய ரிவெட் துண்டுகள் காந்தத்துக்கு வராது, அவற்றை வாக்குவம் வைத்து இழுத்தேன். செத்துப்போன ஸ்பீக்கர் கடைசியாகச் செய்த உபகாரம்.

புதியதை வைத்துப் பார்த்தேன். தற்காலிகமாக ஸ்விட்சையும் பேட்டரியையும் இணைத்துக் கண்ணாடியை மெல்ல இறக்கினால், கடைசி இரண்டு விரல் அகலத்தில் காந்தத்தில் டொக்கென்று முட்டியது. அளக்காததற்கு அபராதம். ஸ்பீக்கரை முன்னால் தள்ள ஒரு வளையம் வேண்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் எளிதாக வெட்டலாம், ஆனால் கதவுக்குள் ஈரம் பட்டால் அது இட்லியாக உப்பும். எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்து அடைத்தால் தாங்கும். நான் தடித்த பிளாஸ்டிக் பலகையில் 18 மில்லிமீட்டர் வளையம் வெட்டினேன். அதற்கு மேல் போனால் ஸ்பீக்கரின் முகம் பேடின் ஜாலியில், அதாவது அதை மூடும் துளைத் தட்டில், இடிக்கும். பின்னால் கண்ணாடி, முன்னால் ஜாலி, நடுவில் நமக்குக் கிடைப்பது அவ்வளவுதான்.

சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் இது. கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்புற அலையும் பின்புற அலையும் ஒன்றுக்கொன்று எதிர். இரண்டும் சந்தித்தால் கனமான சத்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வீட்டுப் பெட்டியில் அவற்றைப் பிரிப்பது மரப்பெட்டி, காரில் கதவேதான் பெட்டி. அதில் முழங்கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. வளையத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் ஃபோம் டேப், ஸ்பீக்கருக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒன்று, ஸ்பீக்கரின் முகத்துக்கும் ஜாலிக்கும் நடுவில் ஒன்று என்று மூன்று வளையம் ஃபோம் ஒட்டினேன். முகத்து ஃபோம் இல்லாவிட்டால் ஸ்பீக்கர் கேட்பவரைவிடப் பேடின் முதுகுக்குத்தான் அதிகம் பாடும்.

வெளித்தகரத்தின் உள்பக்கத்தில் அலுமினியம் பூசிய, அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட். முழுக்க ஒட்டத் தேவையில்லை, நடுப்பகுதியில் கால்வாசி மூடினாலே டங் என்ற தகரச் சத்தம் டப் என்று மாறும், விரலால் தட்டிப் பார்த்தாலே தெரியும். ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டி, ரோலரால் நன்றாக அழுத்த வேண்டும். கையுறை போடுங்கள், அந்த அலுமினிய விளிம்பு பிளேடு மாதிரி. வடிகால் துளைப் பக்கம் ஒரு துண்டுகூடப் போகக் கூடாது.

வயரிங்கில் அவசரப்பட்டேன். கோடு போட்ட வயர் நெகட்டிவ் என்று ஒரு நினைப்பு. வெளியில் வாங்கும் செட்டுகளின் வயரில் அது சரி: முன் இடது வெள்ளை, வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா. ஆனால் கார்க் கம்பெனி கதவுக்குள் ஓடவிட்டிருக்கும் வயர் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. இடது கதவில் கோட்டை நம்பிச் சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டு மூடிவிட்டேன். மறுவாரம் வலது கதவில் மட்டும் புத்தி வந்து பழைய ஸ்பீக்கரில் இருந்த கூட்டல் குறியைப் பார்த்து இணைத்தேன்.

வலது கதவு முடிந்த மாலை ஆவலோடு போட்டேன். மேல் ஸ்தாயி கண்ணாடி மாதிரி இருந்தது. தவில்? காணவில்லை. பழைய கிழிந்த ஸ்பீக்கரிலேயே இதைவிட அதிகம் கேட்டது. ஸ்பீக்கரே மட்டம் என்று திட்டிக்கொண்டே பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் திருப்பினேன். தவில் வந்தது. முழுக்க வலப்பக்கம் திருப்பினேன். அங்கேயும் வந்தது. நடுவில் வைத்தால் மறைந்தது.

தனித்தனியாக இருந்தால் கனம், சேர்ந்தால் சோகை என்றால் ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு கோன் வெளியே தள்ளும் நேரத்தில் மற்றது உள்ளே இழுக்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை சுமார் 3.4 மீட்டர் நீளம், காரின் அகலத்தைவிடப் பெரிது. அதனால் இரண்டு கதவுக்கு நடுவில் அது பெரும்பாலும் அடிபட்டுப் போகும். மேல் ஸ்தாயியின் அலைகள் குட்டி என்பதால் தப்பித்துவிடும். எனக்கு ஸ்பீக்கரே மட்டமாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம்.

இடது பேடை மறுபடி கழற்றினேன், இந்த முறை இருபது நிமிடத்தில். ஒரு 1.5 வோல்ட் பேட்டரிக் கட்டையை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொட்டேன். கட்டையின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸைத் தொட்டால் கோன் வெளியே துள்ளும். துள்ளியது. ஆக ஸ்பீக்கர் சரி, காரின் வயர்தான் நான் நினைத்ததற்கு நேர் எதிர். மாற்றிச் சால்டர் செய்தேன். கூடவே மீட்டரிலும் ஓம் பார்த்தேன், 3.4 காட்டியது. 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் நான்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பேடைத் திரும்ப மாட்டும்போது கிளிப்புகள் தகரத்திலேயே சிக்கியிருந்தால் குறடால் எடுத்து முதலில் பேடில் உட்கார வைக்க வேண்டும். இரண்டு மூன்று உடைவது சகஜம், உபரியாக ஒரு பொட்டலம் வைத்திருங்கள். தொங்கும் வயரையெல்லாம் துணி டேப்பில் சுற்றிக் கட்டினேன், இல்லாவிட்டால் புது ஸ்பீக்கரின் அதிர்வில் அது பேடைத் தட்டித் தாளம் போடும். மேல் விளிம்பை முதலில் மாட்டி, பிறகு ஒவ்வொரு கிளிப்புக்கும் நேராகக் கையால் தட்டினேன். ஸ்க்ரூ போடுவதற்கு முன் கதவை மூடி, உள்ளேயும் வெளியேயும் திறந்து பார்த்துக்கொண்டேன். லாக் கேபிளை மாட்ட மறந்துவிட்டு மூடுவதைப்போல் வெறுப்பு வேறில்லை. செட்டில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் கனத்த ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரை வைத்தேன். கோன் செய்ய முடியாத வேலையை அதனிடம் கேட்காவிட்டால் மீதியைச் சுத்தமாகச் செய்கிறது.

இரண்டு வாரம் கழித்து மழை பிடித்தது. மறுநாள் காலை வலப்பக்கக் கால்மிதியில் கால் வைத்தால் சதக். மேலே சன்ரூஃப் கிடையாது, கண்ணாடியும் மூடித்தான் இருந்தது. பேடின் அடி விளிம்பைத் தடவினால் ஈரம். நான் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துப் பெருமைப்பட்ட கதவு.

கழற்றிப் பார்த்தால் தாள் கிழியவில்லை, பிசினும் விடவில்லை. கீழ் விளிம்பு மட்டும் தப்பு. அந்தத் தாளின் அடிப்பகுதி தகரத்திலிருக்கும் நீண்ட பிளவு வழியே கதவுக்குள்ளே செருகியிருக்க வேண்டும். தாளில் வழியும் தண்ணீர் அப்போதுதான் கதவின் வயிற்றுக்குள் சொட்டும். நான் அவசரத்தில் அதைத் தகரத்துக்கு வெளியே தொங்கவிட்டிருந்தேன். தாளில் இறங்கிய தண்ணீரெல்லாம் நேராகப் பேடுக்குள் வடிந்து, அங்கிருந்து கால்மிதிக்குப் போயிருக்கிறது. இடது கதவில் பொறுமையாக உரித்ததால் அது எப்படி இருந்ததோ அப்படியே திரும்பப் போயிருந்தது.

கால்மிதியை வெயிலில் போட்டேன். தாளின் அடியை உள்ளே செருகி, விளிம்புக்குப் புதிய பியூட்டைல் பிசின் வைத்து அழுத்தினேன். இந்த முறை பேடை மாட்டவில்லை. தம்பி வெளியே நின்று மூடிய கண்ணாடியின் மேல் மக்கில் தண்ணீர் ஊற்றினான். நான் உள்ளே உட்கார்ந்து தாளின் ஓரத்தில் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தேன். காய்ந்தே இருந்தது. "அண்ணா, கீழ பாரு" என்றான். கதவின் அடியில் இரண்டு வடிகால் துளைகளிலிருந்தும் தண்ணீர் ஒரே சீராகத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு மக் ஊற்றச் சொன்னேன்.